குழுக் காசின் பூர்வீகம்

தேனி மாவட்டத்துக் கோம்பையில் மகளிர் குழு கூடுவது பெரும்பாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான். விடியுமுன் ஜீப் ஏறிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற பெண்கள், திரும்பி வந்து உலை வைத்து இறக்க அவ்வளவு நேரம் ஆகிவிடும். அப்புறம் வருகைப் பதிவு, சந்தா, பழைய கடனுக்கு வட்டி, புதுக்கடன் யாருக்கு என்கிற வாக்குவாதம், தீர்மான நோட்டில் கையெழுத்து. பன்னிரண்டிலிருந்து இருபது பேர், ஒரு ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான். இதை யார் வகுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு வந்தது.

ஆளுக்கொரு பதில் கிடைத்தது. வங்கியில் இருந்தவர் "நபார்டு" என்றார். ஊக்குநராக இருந்து ஓய்ந்த ஒரு சின்னம்மா, "கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்துதான் ஆரம்பிச்சு வச்சாங்க" என்றார். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. 1992இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் வெள்ளோட்டத்தைத் தொடங்கியது தேசிய வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு. அதற்கு முன்பே, 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழக அரசு தர்மபுரி மாவட்டத்தில் குழுக்களை அமைத்திருந்தது. 1997இல் அது மகளிர் திட்டமாக விரிந்தது. மதுரைப் பக்கம் வேறொரு கிளை: 1990இல் பிரதான் அமைப்பு தொடங்கிவைத்த களஞ்சியம், பிறகு தானம் அறக்கட்டளையின் கீழ் வளர்ந்தது. நம் மாவட்டத்துக் கடமலை–மயிலை ஒன்றியத்தில் களஞ்சியப் பெண்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தங்களுக்குள்ளேயே காப்பீடு நடத்தும் அளவுக்குப் போனார்கள்.

ஆனால் தர்மபுரிக்கும் மதுரைக்கும் முந்திய ஒரு கதை கர்நாடகத்தில் இருக்கிறது. தேடலில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். 1980களின் நடுவில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் கிராமங்களில் பெரிய கூட்டுறவுச் சங்கங்களை அமைத்திருந்தது. அவை உடைந்தன. தலைவர்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது. வாங்கிய கடனை மைராடாவிடம் திருப்பித் தருகிறோம், சங்கத்தில் மட்டும் கட்டமாட்டோம் என்றார்கள் உறுப்பினர்கள். அப்படியானால் உங்களுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் கட்டிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. ஒருவரையொருவர் நம்பியவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். சுய உதவிக் குழுவின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக இன்று பாடம் நடத்தப்படுவது இந்த உடைப்புதான். 1987இல் நபார்டு மைராடாவுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது இப்படி உருவான குழுக்களுக்காக. அதாவது மேலிருந்து வரைந்த திட்டம் ஒன்று தோற்ற இடத்தில், ஜனங்கள் தாங்களாகச் செய்துகொண்ட ஏற்பாட்டைத்தான் பிறகு அதிகாரிகள் திட்டமாக எழுதினார்கள்.

சரி, அந்தப் பெரிய கூட்டுறவு எங்கிருந்து வந்தது? சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் இரண்டு பாகமாகத் தந்த அறிக்கையில் இருக்கிறது விடை. கந்து வட்டியில் கிடந்த குடியானவனுக்கு வழி தேடி ஐரோப்பிய நாடுகளின் கடன் சங்கங்களைப் படித்தவர் அவர். ஜெர்மனியில் ஊர்த்தலைவராக இருந்த ரைஃபைசன் 1864இல் ஹெடெஸ்டார்ஃபில் அமைத்த கடன் சங்கம் அவரை மிகவும் கவர்ந்தது. இந்தியாவுக்கும் ஒரு ரைஃபைசன் வேண்டும் என்பதே அறிக்கையின் சாரம். 1904இல் கூட்டுறவுக் கடன் சட்டம் வந்தது, அதே ஆண்டு திருவள்ளூர் அருகே திரூரில் ஒரு கடன் சங்கமும் வந்தது. உறுப்பினர்களே சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுக்கும் சென்னையின் 'நிதி' நிறுவனங்களையும் நிக்கல்சன் பார்த்துப் பதிவு செய்தவர். மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்டு 1872லேயே தொடங்கிவிட்டது. இருந்தும் தீர்வுக்கு அவர் ரைன் நதிக்கரைக்குப் போனார் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஏனென்றால் கோம்பைக்குத் திரும்பி வந்து கேட்டபோது அந்தச் சின்னம்மாவே சொன்னார்: "குழு வர்றதுக்கு முன்னாடி நாங்க என்ன சும்மாவா இருந்தோம் தம்பி? சம்பளம் வாங்குன அன்னைக்கே ஜீப்புல பத்துப் பேரு சீட்டுப் போடுவோம். பேரு எழுதிக் குலுக்கி எடுக்குறதுதான்."

குலுக்கல் சீட்டு, ஏலச்சீட்டு, இவற்றோடு செய்முறை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று விசேஷம் எதுவானாலும் மண்டப வாசலில் மேஜை போட்டு, ஊர், பேர், தொகை எழுதுகிற வழக்கம் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நோட்டுக்குப் பதில் பல இடங்களில் கம்ப்யூட்டர் ரசீது. வந்த 500க்கு 500 மட்டும் திருப்பி வைத்தால் கணக்கு முடிந்தது. கூட வைத்தால்தான் உறவு ஓடும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஊரறிய எழுதியதை யாரும் மறுக்க முடியாது, அதுதான் பிணை.

ஆனால் செய்முறைப் பணத்தை நினைத்த நேரத்தில் கேட்க முடியாது, அதற்கு ஒரு விசேஷம் வைக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பந்தல் போட முடியுமா? ஏலச்சீட்டில் வேறு கோளாறு. அவசரம் அதிகம் உள்ளவள்தான் அதிகம் கழிவு விட்டுச் சீட்டெடுப்பாள். அவளுடைய நெருக்கடியே மற்றவர்களுக்கு லாபம். சீட்டுப் பிடிக்கிறவர் ஊரை விட்டு ஓடிய கதைகளும் ஏராளம். மகளிர் குழு இந்தக் கோளாறுகளைத்தான் சரிசெய்தது என்பது என் முடிவு. ஊரறியும் கணக்கு செய்முறையிலிருந்து, மாதம் தவறாத கட்டு சீட்டிலிருந்து. விருந்தையும் கழிவையும் தள்ளிவிட்டார்கள். முடைப்பட்டவள் தேவையை வாய்விட்டுச் சொல்கிறாள், எல்லோருக்கும் உள்ள அதே வட்டிக்கு வாங்குகிறாள். வட்டியும் குழுவுக்கே திரும்புகிறது. நபார்டும் ரைஃபைசனும் தந்தது படிவமும் வங்கிக் கதவும்.

இப்போது இதே வட்ட உட்காரலை நுண்கடன் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. ஊரில் அதற்குப் பேர் வாரக் குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். சேமிப்பு கிடையாது, யாருக்குக் கடன் என்று பெண்கள் கூடித் தீர்மானிப்பதும் கிடையாது. 2010இல் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட நேர்ந்தது இந்த வசூல் முறையால்தான்.

கோம்பையில் ஒரு குழுவில் நான் கேட்ட மிக நீண்ட வாக்குவாதமும் இதைப் பற்றியே. வாரத் தவணை கட்ட முடியாத உறுப்பினருக்குச் சேமிப்பிலிருந்து கொடுப்பதா, கூடாதா? பாதித் தொகை கொடுப்பதாகக் கடைசியில் தீர்மானம் எழுதினார்கள். மீதிக்கு அந்தம்மாளின் நாத்தனார், தான் திருப்பிச் செய்ய வேண்டிய செய்முறையை முன்கூட்டியே தந்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். அதைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டாம் என்று ஊக்குநர் சொல்லிவிட்டார்.