நிற்கக்கூடாத சாலைக்கு முன்னால்

'ஷாதி' என்றால் இந்தியில் கல்யாணம். அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகளில் நன்னடத்தை காட்டியவர்களை மணம் முடித்துக் குடித்தனம் நடத்த ஆங்கிலேயர் அனுமதித்தனர். அப்படிச் சேர்ந்த தம்பதிகள் குடியேறிய இடம் என்பதால் ஷாதிபூர் என்று பெயர் வந்ததாக ஊரில் சொல்வார்கள். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரின் ஒரு பகுதி இது.

இங்கிருந்து வடக்கே திக்லிபூருக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பழைய லாரி, இரவு நின்ற இடத்தில் கருப்பாக ஆயில் சொட்டியிருந்தால் உரிமையாளருக்கு வயிற்றைக் கலக்கும். சுமார் 40 கிலோமீட்டரில் ஜிர்காடாங் சோதனைச் சாவடி. அதற்கப்பால் மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா பழங்குடியினரின் காடு. குறிப்பிட்ட நேரங்களில், காவலுடன், வரிசையாகத்தான் வண்டிகள் போக முடியும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. வழியில் நிற்கவும் கூடாது. இது வெறும் சம்பிரதாயம் அல்ல. வெளியுலக நோய்களுக்கு அதிகம் பழகாத ஜாரவாக்களிடையே 1999இல் தட்டம்மை பரவியது. இந்தப் பகுதியில் சாலையை மூடும்படி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் போக்குவரத்து ஓயவில்லை. ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து பார்க்கலாம் என்ற தமிழ்நாட்டு நெடுஞ்சாலைப் பழக்கம் இங்கே உதவாது.

ஆகவே ஒழுகல் எங்கே என்பதை ஊரிலேயே கண்டுபிடித்தாக வேண்டும். இன்ஜின் ஆயிலின் சூட்டை ரேடியேட்டர் தண்ணீருக்கு மாற்றுவது ஆயில் கூலரின் வேலை. பழைய டாடா லாரிகள் பலவற்றில் உள்ள ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் இன்ஜினில், அது பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் இருக்கிறது. மூடியின் பேக்கிங் போனால் ஆயில் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும்.

ஆபத்தானது உள்ளே நிகழும் கசிவு. வண்டி ஓடும்போது ஆயிலின் அழுத்தம் அதிகம்; அது தண்ணீரில் கலந்து ரேடியேட்டரில் மிதக்கும். இன்ஜினை அணைத்ததும் நிலைமை தலைகீழ். சூடான தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் பால் காபி நிறம் தெரிந்தால் பேரிங்குகளுக்குக் கேடு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஹெட் கேஸ்கெட் போனாலும் இதே அறிகுறிகள் தோன்றலாம். அதனால் அனுபவசாலி மெக்கானிக் அவசரப்பட்டு ஹெட்டைக் கழற்றுவதில்லை. கூலரை வெளியே எடுத்து, துளைகளை அடைத்து, அளவோடு காற்று செலுத்தித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துகிறார். குமிழி வந்தால் குற்றவாளி கூலர்தான். வராவிட்டால் பேக்கிங்கையும் ஹெட்டையும் சந்தேகிக்க வேண்டும்.

கூலர் ஓட்டையானால் புதிது போடுவதே நல்லது. ஆனால் ஊரில் கிடைக்காத சாமான் சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கடல் தாண்டி வர வேண்டும். கப்பலில் மூன்று நாள் பிடிக்கும். பற்றவைத்து ஒப்பேற்றும் ஆசை அப்போதுதான் வருகிறது. பேக்கிங்குக்குப் பதில் பசையை அப்பினால், பிய்ந்த துணுக்குகள் ஆயில் வழிகளை அடைத்துவிடும்.

புதிய கூலர் மாட்டியதோடு வேலை முடிவதில்லை. பிளாக்கின் முகத்தைச் சுரண்டித் துடைத்து, போல்ட்டுகளைச் சீராக முறுக்கி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ரேடியேட்டரைப் பிசுக்குப் போக அலச வேண்டும். வெறும் தண்ணீருக்குப் பதில் கூலண்ட் ஊற்றினால் உள்ளே துரு குறையும். பிறகு இன்ஜினைச் சூடேற ஓடவிட்டு, அணைத்து, இரவு முழுக்க நிறுத்தி, காலையில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் வாடகை போகும்தான். காட்டு நடுவே வண்டி நின்றால் ஏற்படும் நஷ்டமோ லாரிக்காரரோடு முடிவதில்லை.