மேலே ஒரு ரோடு



"உனக்கென்னப்பா, வால்பாறைக்காரன்! ஊரே குளுகுளுன்னு ஒரே காடு!" ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாளே எனக்குக் கிடைத்த வரவேற்பு இது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து நீங்கள் பார்க்கும் பச்சையில் பெரும்பகுதி காடே அல்ல. தேயிலை!

ஒரு காலத்தில் அங்கே இருந்தது மழைக்காடு. 1890களில், வெள்ளைக்காரர் காலத்தில், வெட்டத் தொடங்கினார்கள். காப்பி, தேயிலை, ஏலம் என்று சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி பெரும்பாலும் தோட்டமாகிவிட்டது. சுற்றிலும் ஆனைமலைக் காடு, நடுவே தேயிலைக் கடல், அந்தக் கடலில் தீவு தீவாகச் சில சோலைத் துண்டுகள்.

என் பாட்டியைப் பெற்றவர்கள் மலையேறி வந்ததே அந்தத் தோட்ட வேலைக்குத்தான். லைன் வீட்டில் பிறந்தவன் நான். எங்களுக்குச் சோறு போட்டது தேயிலை. என் செமஸ்டர் ஃபீஸைக் கட்டுவதும் அதுதான். அதனால் தோட்டத்தைத் திட்ட எனக்கு வாய் வராது.

எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் காலை. ஸ்கூலுக்குப் போகிற வழியில் ரோட்டோரம் சின்னக் கூட்டம். எட்டிப் பார்த்தேன். வண்டியில் அடிபட்டு ஒரு சோலைமந்தி கிடந்தது. கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல் சின்னக் குஞ்சம். மேலே மரத்தில் மற்ற குரங்குகள் விடாமல் கத்திக் கொண்டிருந்தன.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. பிறகு, "போன வருசம் ரோட்டை அகலப்படுத்தினப்ப அந்த எடத்துல மரம் வெட்டுனது நாங்கதான்டா. நானும் ஒரு ஆளு" என்றார். அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சோலைமந்தி உலகத்திலேயே நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் உண்டு. வெடிப்பலா மாதிரிக் காட்டு மரங்களில் சாப்பிட்டு, மரத்திலேயே தூங்கும். கிளையும் கிளையும் தொட்டுக் கொண்டிருக்கும் வரை அதற்குத் தரைக்கு இறங்கும் அவசியமே இல்லை. நமக்குக் கீழே தார் ரோடு, அதற்கு மேலே கிளை ரோடு. அப்பா கூலிக்கு வெட்டியது அந்த ரோட்டைத்தான்.

இருவாச்சிப் பறவையின் கதையும் இப்படித்தான். பெரிய கிழட்டு மரத்தின் பொந்தில் பெண் பறவை புகுந்து வாசலை அடைத்துக் கொள்ளும். சின்ன இடுக்கு வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். பழக்கொட்டைகளைக் காடெங்கும் போட்டு மரங்களை முளைக்க வைப்பதும் இவைதான். மரம் போனால் பறவை போச்சு. பறவை போனால் நாளைய மரமும் போச்சு!

ஆனால் நல்ல சேதியும் உண்டு. வால்பாறை டவுனை ஒட்டிய புதுத்தோட்டத்தில் ரோட்டுக்கு மேலே, மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்கள். சோலைமந்திகள் அதில் ஏறிப் போவதை பஸ் ஜன்னலிலிருந்து நானே பார்த்திருக்கிறேன். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, எஸ்டேட்களோடு சேர்ந்து 2000களின் தொடக்கத்திலிருந்து, சிதைந்த சோலைகளில் அந்த மண்ணுக்கே உரிய மரங்களை நட்டு வருகிறது. ரோட்டோரம் விழும் காட்டு விதைகளைப் பொறுக்கி, நர்சரியில் வளர்த்து, களையை நீக்கி நடுகிறார்கள். நம் டிப்ளமோ மாதிரி மூன்று வருடத்தில் முடிகிற வேலையா அது?

கேரளத்தின் சைலன்ட் வேலியிலும் இதே சோலைமந்தி உண்டு. அங்கே குந்திப்புழாவின் குறுக்கே அணை கட்டப் பிளான் போட்டபோது, காட்டுக்காக மக்கள் குரல் கொடுத்தார்கள். அணை கைவிடப்பட்டது. 1984ல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆகவே, போட்ட பிளானையும் மாற்ற முடியும்!

இந்த இடத்தில் நம்ம சர்வே கேம்ப் கதையையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பேட்ச் லைனுக்கு நடுவே ஒரு வேப்பமரம். "நாலு கிளையைக் கழிச்சா ராடு தெரியும்டா" என்று ஒருவன் அரிவாள் கேட்கக் கிளம்பினான். வெறும் வேப்பமரம்தான், மழைக்காடு இல்லை. ஆனாலும் எனக்கு அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. தடை வந்தால் ஆஃப்செட் போட்டுச் சுற்றிப் போகலாம் என்று படித்திருக்கிறோமே! சுற்றிப் போனோம். முக்கால் மணி நேரம் லேட். சார் மார்க்கைக் குறைத்துவிட்டார். மதியம் சாம்பார் தீர்ந்து ரசம்தான் மிச்சம். பேட்ச் பசங்க இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் சர்வேயராக, ஓவர்சீயராக, சைட் இன்ஜினியராக மலைக்கும் போவோம். எந்த மரத்தை வெட்டுவது என்று முடிவு செய்யும் இடத்தில் அப்பா இல்லை. அவர் கூலிக்குப் போனவர். அந்தச் சாக்கு நமக்குச் செல்லாது. கோடு போடும் பென்சில் நம் கையில் இருக்கும். கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா, மேலே கிளைகள் சேரும் இடத்தையாவது விட்டுவைக்க முடியுமா என்று வாய் திறந்து ஒரு தடவை கேட்போம்.

மார்க் குறைந்தால் குறையட்டும். கேட்பீர்கள்தானே?

– இறுதியாண்டு, சிவில்