எந்த லென்ஸ்?

ஞாயிறு காலை ஐந்தே முக்கால். கோமுகி அணைக்கரையில் ஏழு பேர்: மருந்துக்கடைக்காரர், இரண்டு வாத்தியார்கள், மற்றவர்களும் இப்படித்தான். யாருக்கும் படம் எடுப்பது பிழைப்பில்லை. கல்வராயன் மலை இங்கிருந்து மேற்கே. அதனால் காலை வெயில் மலை முகத்தில் நேராக விழும். சாயங்காலம் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும், கருநிழல்தான் மிச்சம். வெளியூர்க்காரர்கள் மாலையில் வந்து ஏமாறுவார்கள்.

*

கச்சிராயபாளையம் டீக்கடையில்தான் படங்கள் கை மாறும். 'செம' என்ற சொல்லுக்கு எங்கள் கூட்டத்தில் மூன்று பொருள். வெறும் 'செம' என்றால் பிடித்திருக்கிறது. 'செம ணா' என்றால் சரியாகப் பார்க்கவில்லை. 'செம, ஆனா...' என்றால் டீ ஆறப்போகிறது. மூன்றுக்கும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: எந்த லென்ஸ்?

*

பெரியார் அருவி. எஃப்/16, ஐஎஸ்ஓ 100, என்டி ஃபில்டர் மாட்டி அரை விநாடி. தண்ணீர் பாலாக இறங்குகிறது. எங்களில் ஐந்து பேரிடம் இதே படம் இருக்கிறது. கரியாலூரில் ஒரு பாட்டியிடம் காட்டினேன். "என்னா சாமி, பஞ்சு கொட்டிக் கெடக்கு?" என்றார். அன்றிலிருந்து நான் 1/15 விநாடிக்கு வந்துவிட்டேன். ஓடுவதும் தெரிகிறது, தண்ணீர் என்பதும் தெரிகிறது.

*

2024 ஜூன், கருணாபுரம் விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு மலையில் கேமராவைத் தூக்கினாலே "எந்தப் பேப்பரு?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள். போன தடவை எடுத்த படங்களை 6க்கு 4 பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனோம். ஒரு பெரியவர் தன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மாடு பாதிதான் வந்திருக்கு" என்றார். மூன்றில் ஒரு பங்கு விதிப்படி நான்தான் மாட்டை வெட்டியிருந்தேன். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல விமர்சனம் அது.

*

மா. கிருஷ்ணன் (1912–1996) நினைவுக்கு வருகிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டுயிர்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்தவர். ஒரு கம்பெனி பாடியையும் வேறொரு கம்பெனி லென்ஸையும் தானே ஒட்டவைத்துச் செய்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். அவரிடம் யாராவது எந்த லென்ஸ் என்று கேட்டிருந்தால் பதில் சொல்ல அரை நாள் ஆகியிருக்கும். நாங்களோ 18-55 போதாது, 150-600 வேண்டும் என்று மாதத் தவணைக் கணக்குப் போடுகிறோம்.

*

சித்திரையில் கூவாகம். கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள், மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலி அறுத்து, வெள்ளைப் புடவை கட்டி அழுகிறார்கள். அழுகிறவர்களைச் சுற்றிக் கேமராக்கள். எங்கள் தம்பி ஒருவன் கொண்டுவந்த படத்தில் சட்டம் முழுக்க ஒரு முகம், கண்ணீர், கலைந்த மை. எல்லோரும் 'செம' என்றார்கள். வெறும் 'செம'.

"எவ்வளவு கிட்டப் போனே?" என்று கேட்டேன்.

"18 எம்எம் ணா."

கேட்டது தூரத்தை, வந்தது லென்ஸ். 18 எம்எம்மில் முகம் அவ்வளவு பெரிதாக வரவேண்டுமானால் ஒரு முழத்துக்குள் நிற்க வேண்டும். அந்த அம்மா பேர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை, பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது.

*

பறவைக்கூட்டுப் படம் எங்கள் கூட்டத்தில் கிடையாது. கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்கினால் வெயிலும் காக்கையும் உள்ளே வந்துவிடும். இதில் மட்டும் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

*

வெள்ளிமலை மேகத்துக்குள் நின்றுவிட்டு அப்படியே பையை மூடி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அரிசி டப்பாவில் போடாதீர்கள், தவிடு ஏறும். மூடி இறுக்கமான டப்பாவும் சிலிகா ஜெல் பொட்டலமும் போதும். பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

*

என் 55-250 விலைக்கு இருக்கிறது. பூஞ்சை இல்லை. ஞாயிறு காலை அணைக்கரைக்கு வந்தால் மாட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.