விக் கழன்ற நாடகம்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய வீடியோ கசெட் இருக்கிறது. வீடு மிச்சத்தில். (மிஞ்சின காசுக்கு இங்கதான் வீடு கிடைச்சது, அதுதான் மிச்சம் என்று அப்பா பகிடி விடுவார்.) கசெட்டில் இருப்பது 2003ஆம் ஆண்டு தமிழ்ப் பள்ளிக் கலைவிழா. எனக்கு 14 வயது. அம்மாவின் சேலை, இரவல் விக், சட்டைக்குள் இரண்டு பலூன். மருமகளை ஏசும் மாமியார் வேடம். கடைசியில் விக் கழன்று விழ வேண்டும். விழுந்தது. மண்டபம் சிரித்து அடங்க நேரமெடுத்தது.

முன்வரிசையில் என் மாமியின் பிள்ளை இருந்தது. பத்து வயது. நான் "மச்சான்" என்று கூப்பிட்ட பிள்ளை. இரண்டு வருடங்களுக்கு முன்னர், தான் ஒரு பெண் என்று அவள் குடும்பத்துக்குச் சொன்னாள். பிறகு ஒருநாள் என்னிடம் அந்த நாடகத்தைப் பற்றிக் கதைத்தாள்.

"விக் விழேக்கதான் சனம் கூடச் சிரிச்சது. எந்தச் சேலைக்குள்ளயும் கடைசியில ஒரு ஆம்பிளை பிடிபடுவான் எண்டு அண்டைக்கு நான் படிச்சனான். எனக்குக் கழட்ட விக் இல்லை, தெரியுமே?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து நிறைய யோசித்தேன்.

ஆண் பெண் வேடம் போடுவது எங்களுக்குப் புதிதல்ல. கூத்தில் அது வழமை. அதில் பகிடியே இல்லை. டி.கே. சண்முகம் மேடையில் ஔவையாராக நடித்து 'அவ்வை சண்முகம்' என்றே பெயர் வாங்கினார். அந்தப் பெயரிலிருந்து தலைப்பை எடுத்த 'அவ்வை சண்முகி' (1996) படத்தை நாங்கள் எத்தனை தரம் பார்த்திருப்போம்! ஆனால் அங்கே சிரிப்பு வேறு இடத்தில் இருக்கிறது: எப்போது பிடிபடுவார்? கமல்ஹாசன் அருமையாக நடித்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. என் நாடகமும் அந்தப் படத்தின் மலிவான பிரதிதான்.

போன கோடையில் மச்சாள் என்னை வோக்ஸ்ஹோல் கூட்டிப்போனாள். டூட்டிங் பிராட்வேயில் ஏறி, ஸ்டாக்வெல்லில் மாறினால் அடுத்த ஸ்டேஷன். ரோயல் வோக்ஸ்ஹோல் டேவர்ன் என்ற பழைய பப். 'லிலி சாவேஜ்' ஆக போல் ஓ'கிரேடி வருடக்கணக்காக நடித்த மேடை. 1987 ஜனவரியில் பொலிசார் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அங்கே நுழைந்தார்கள். எய்ட்ஸ் பயம். ஓ'கிரேடியும் கைதானார். 2015இல் அதே கட்டடத்தை அரசு பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பதிவு செய்தது.

அங்கேயும் விக் கழன்றது. சனம் சிரித்தது. ஆனால் அதை ஒளித்து வைத்தவர் யாருமில்லை, பிடிபட்டவரும் இல்லை. கேலி முழுக்க அரசியல்வாதிகளுக்கும், முன்மேசையில் இருந்த எனக்கும்தான்.

அப்படியென்றால் டிராக் நல்லது, எங்கள் நாடகம் கெட்டது என்று முடித்துவிடலாமா? மச்சாள் விடவில்லை. அவள் ஒரு கணக்காளர். பாட்டும் வராது, ஆட்டமும் வராது. வேலையிடத்தில் ஒருவர், தான் டிராக் நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்ப்பதாகச் சொல்லி, "நீ எந்த மேடையில்?" என்று கேட்டாராம். நல்ல மனதோடுதான். ஆனால் டிராக் கலைஞர் ஒப்பனையைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். இவள் வீட்டிலும் இவள்தான். அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் தன்னை ஒருவரும் திரும்பிப் பார்க்காத முதல் இடம் அந்த பப்தான் என்கிறாள்.

நான் கெட்டித்தனமாக நர்த்தகி நடராஜைப் பற்றிச் சொன்னேன். மதுரையில் பிறந்த திருநங்கை, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றவர், 2019இல் பத்மஸ்ரீ. அவருடைய ஆட்டத்தை வீடியோவில் பார்த்த என் அம்மா "எவ்வளவு வடிவா ஆடுறா" என்றார். 'ஆடுறா' என்ற அந்தச் சொல் இயல்பாக வந்தது. மாமியின் பிள்ளையை மட்டும் இன்னும் "அவன்" என்கிறார்.

"அப்ப நானும் பத்மஸ்ரீ வாங்கோணுமோ, மாமியின்ர வாயில 'அவள்' எண்டு வர?" என்று மச்சாள் கேட்டாள்.

இந்த வருடக் கலைவிழாவுக்கு ஒரு நகைச்சுவை நாடகம் கேட்டு பழைய ஆசிரியர் ஒருவர் அழைத்தார். அந்தப் பழைய மாமியார் நாடகத்தையே பெடியளை வைத்துப் போடலாமே என்றார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஸ்கிரிப்டை முதலில் மச்சாளுக்கு அனுப்பியிருக்கிறேன்.