முன்பாரம்

நாமக்கல்லில் பிசியோதெரபி பார்க்கிற நண்பர் ஒருவர், கரும்பு வெட்டு தொடங்கியதும் தன்னிடம் வருகிற இடுப்பு வலிக்காரர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பலகையில் ஏறி வண்டியில் போடுகிற ஆட்கள் வருவார்கள் என்று எனக்கும் தெரியும். டிராக்டர் டிரைவர்களும் வருகிறார்கள் என்பதுதான் புதிதாக இருந்தது. உட்கார்ந்து ஓட்டுகிற வேலைதானே என்றேன்.

"ஓட்டறதுல போறதில்ல. மாட்டறதுல போயிடுது" என்றார்.

டிராக்டரைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு, தரையில் மூக்கைக் குத்திக் கிடக்கும் டிரெய்லரின் முன்சட்டத்தை இரண்டு பேர் குனிந்து தூக்குவார்கள். அதன் நுனியிலுள்ள வளையத்தை டிராக்டரின் கொக்கிக்கு நேராகக் கொண்டுவந்து மூன்றாவது ஆள் பின்னை இறக்குவார். அரை நிமிட வேலை. பின் சேராமல் இடிக்கும்போது, தூக்கியதை அப்படியே பிடித்துக்கொண்டு இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று இடுப்பைத் திருப்புகிறார்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் வட்டு விலகுகிறது. பாரத்தோடு குனிவதை விட, பாரத்தோடு குனிந்து திரும்புவது கெடுதல் என்று விளக்கினார். அவரிடம் வைத்தியத்துக்கு வந்து, பிறகு அவருக்கே பாடம் நடத்திவிட்டுப் போன ஒரு பட்டறைக்காரர் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று வழி சொன்னார்.

லாரிக்குக் கூடு கட்டுவதில் நாமக்கல்லின் பெயர் நாடறியும். கேஸ் டேங்கர் என்றாலும் அந்த ஊர்தான். ஆனால் ஊரை விட்டுத் தெற்கே, கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கும் மோகனூர்ப் பக்கம் போகப் போக, பெயர்ப் பலகைகூட இல்லாத தகரக் கொட்டகைகளில் டிராக்டர் டிரெய்லர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் போனது அப்படி ஒரு கொட்டகை. இரண்டு வெல்டிங் மிஷின், வெட்டுகிற மிஷின் ஒன்று, முக்காலியில் தொங்கும் செயின் பிளாக், நான்கு பையன்கள், நண்பர் சொன்ன அந்தப் பட்டறைக்காரர், அறுபதைத் தாண்டிய மேஸ்திரி. எந்த இரும்புக்கு எந்த ராடு, எத்தனை ஆம்பியர் என்றெல்லாம் அவர் ஆசையாகச் சொன்னதை இங்கே தாண்டிப் போகிறேன். என் கவனம் முழுக்க முன்சட்டத்தில் இருந்தது.

முக்கோணமாக இரண்டு சேனல்கள், கூடுகிற இடத்தில் தடித்த பிளேட், அதில் வளையம். ஐந்து இஞ்ச் சேனல் மீட்டருக்குச் சுமார் 13 கிலோ. இரண்டு பக்கமும் சேர்ந்து நான்கு மீட்டர் என்றால் சேனலே 50 கிலோவைத் தாண்டிவிடும். பிளேட்டும் வளையமும் சேர்ந்தால் இன்னும் ஏறும். கொட்டகைக்குள் இதை யாரும் கையால் தூக்குவதில்லை. செயின் பிளாக்கில் மாட்டி, ஒரு பையன் சங்கிலியை இழுக்க, இன்னொருவன் ஒற்றை விரலால் தள்ளி இடத்துக்குக் கொண்டுவருகிறான். கையை விட்டாலும் இறங்காது, உள்ளே பிரேக் இருக்கிறது. ஆக, பட்டறையில் இது சிரமமில்லாத சாமான். வெளியே போன பிறகுதான் ஆளை முறிக்கிறது.

மேஸ்திரியின் அப்பா கட்டை வண்டி செய்தவர். ஆரக்கால் செதுக்கி, குடத்தில் இறக்கி, இரும்புப் பட்டாவைக் காய்ச்சிச் சக்கரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. டயர் வண்டி வந்தபோது பாதி வேலை போனது, டிராக்டர் வந்தபோது மீதியும் போனது. மகனை நாமக்கல்லில் லாரிக் கூடு கட்டும் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். அங்கே சில வருஷம். அப்புறம் ஒரு பண்ணையத்தில் டிராக்டர் டிரைவர். இருபத்தெட்டு வயதில், மழை பெய்த கரும்புக்காட்டில் பாரம் ஏற்றிய வண்டியின் மூக்கைத் தூக்கப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு மாசம் படுக்கைங்க. முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஐநூறு குடுத்தாருங்க. அடுத்த நாளே வேற ஆளைப் போட்டுட்டாரு. அவரு மேல குத்தமில்லீங்க, கரும்பு காஞ்சுருமில்ல" என்றார். எனக்கு அந்த 'குத்தமில்லீங்க'வைக் கேட்கப் பொறுக்கவில்லை. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

படுத்துக்கிடந்தபோது அப்பா வந்து கேட்ட முதல் கேள்வி, "முன்பாரம் பாத்தியாடா?" என்பதுதானாம். கட்டை வண்டிக்காரர் பாரம் ஏற்றியதும் மாட்டைப் பூட்டிவிட மாட்டார். ஏர்க்காலைக் கையால் கொஞ்சம் எம்பிப் பார்ப்பார். முன்பக்கம் அதிகம் இருந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் இறங்கிப் புண்ணாக்கிவிடும். பின்பக்கம் அதிகம் இருந்தால் நுகத்தடி மேலே எழும்பி, கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். இரண்டு மூட்டையை முன்னே பின்னே நகர்த்தி, கைக்குச் சரியாக வந்த பிறகுதான் பூட்டுவார்கள். மாட்டுக்குப் பார்த்த இந்தக் கணக்கை மனுஷனுக்கு யாரும் பார்க்கவில்லை என்பது மேஸ்திரியின் கட்சி.

சாக்பீஸ் எடுத்துத் தரையில் கோடு போட்டார். வளையத்திலிருந்து அச்சு வரை மூன்றரை மீட்டர். ஏற்றிய பாரம் 6,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாரத்தின் நடுமையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், வளையத்தில் இறங்குவது 500 கிலோவுக்கும் மேல். அச்சை வெறும் 10 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி வெல்டு வைத்தால் அது 350 சொச்சமாகக் குறைந்துவிடும். பாரமே இல்லாத வெறும் வண்டி, 1,200 கிலோ என்றாலும், முதல் கணக்கில் 100 கிலோ இறங்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஏழாவதோடு நின்றவர்.

அப்படியானால் அச்சை நட்ட நடுவிலேயே வைத்துவிடலாமே என்று கேட்டேன். பையன்கள் சிரித்தார்கள். டிராக்டருக்குக் கொஞ்சம் முன்பாரம் வேண்டும். அந்த அழுத்தத்தில்தான் அதன் பின்சக்கரம் மண்ணைப் பிடிக்கும். பின்பாரமாகிவிட்டால் டிரெய்லர் டிராக்டரின் பின்பக்கத்தைத் தூக்கும், சக்கரம் சும்மா சுற்றும், பின்னைக் கழற்றிய நொடியில் முன்சட்டம் மேலே எகிறித் தாடையைப் பெயர்க்கும். கொக்கியின் உயரமும் முக்கியம். மேலே, டாப் லிங்க் இருக்கும் இடத்தில் மாட்டி இழுத்தால் ஏற்றத்தில் டிராக்டரின் முன்சக்கரம் எழும்பும். அதனால் இழுப்பு எப்போதும் கீழே இருக்க வேண்டும். முன்பாரத்தை ஒழிக்க முடியாது, அதை மனுஷன் தூக்காமல் வேறெதையாவது தூக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வேறெது என்று கேட்டதற்கு, அவர் முதலில் சொன்னது எந்தச் சாமானையும் பற்றி அல்ல. "மாட்டும்போது தூக்கறவன் முட்டாளுங்க. கழட்டும்போதே அதை முடிச்சிருக்கோணும்."

வண்டியைக் கழற்றும்போது முதலில் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். மூக்கைத் தூக்கும்போது வண்டி உருண்டு ஆளின் காலில் ஏறுவது இதைச் செய்யாததால்தான். பிறகு, வளையம் கொக்கியில் இருக்கும் உயரத்திலேயே முட்டுக் கொடுத்து, பாரம் முட்டில் உட்கார்ந்த பிறகு பின்னை உருவ வேண்டும். மூக்கு தரைக்கு இறங்கவே கூடாது. மறுநாள் டிராக்டர் அதே உயரத்தில் வந்து நிற்கும், வளையமும் அதே உயரத்தில் காத்திருக்கும். யாரும் குனிய வேண்டாம். கட்டை வண்டிக்கு அடியில் முட்டுக்கட்டை தொங்கிக்கொண்டே வரும். டிரெய்லருக்கு மாறியபோது அதை மட்டும் வழியில் எங்கோ விட்டுவிட்டோம்.

இறங்கிவிட்டால் என்ன செய்வது? கடப்பாரை. ஐந்தடிப் பாரை, நுனியிலிருந்து அரையடியில் ஒரு மரக்கட்டை. தூக்கும் பக்கம் அரையடி, அமுக்கும் பக்கம் நாலரையடி, ஒன்றுக்கு ஒன்பது. 100 கிலோ மூக்கை 11, 12 கிலோ அமுக்கிலேயே எழுப்பிவிடலாம். ஆனால் ஒருவர் அமுக்க, இன்னொருவர் உடனே அடியில் கட்டையைச் செருக வேண்டும், கையைச் செருகக் கூடாது. இரண்டாவது வழி, டிராக்டரின் ஹைட்ராலிக். ஹாரி பெர்குசன் என்ற ஐரிஷ்காரர் கலப்பைக்காகக் கண்டுபிடித்த அந்த மூன்று முனை இணைப்பு இன்று அநேகமாக எல்லா டிராக்டரிலும் இருக்கிறது. 45 குதிரைத்திறன் வண்டிகள் பலவும் ஒன்றரை டன் தூக்கும். கீழ்க் கைகளில் ஒரு சங்கிலியைக் கட்டி வளையத்தைத் தூக்கிவிடலாம். இருக்கிற லிவரை இழுக்க வேண்டியதுதான். அதையும் செய்யாமல் குனிகிறார்களே என்றால், சங்கிலி கட்டுகிற இரண்டு நிமிஷத்துக்குள் ஆலைக்குப் போகும் வரிசையில் முன்னால் இன்னொரு வண்டி புகுந்துவிடும் என்கிற பதற்றம்.

அதனால்தான் மேஸ்திரி சட்டத்திலேயே ஜாக்கியை வைத்து வெல்டு அடித்துவிடுகிறார். கொட்டகையின் மூலையில் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய பெஞ்ச் வைஸ்கள் குவிந்திருந்தன. தாடை உடைந்தவை, அவருக்கு வேண்டியது அதன் திருகும் மரையும் மட்டும். சதுர மரை போட்ட தடித்த திருகு. அதைக் குழாய்க்குள் நிறுத்தி, மேலே கைப்பிடி, கீழே ஒரு அடிக்கு ஒரு அடி பிளேட். பிளேட் அகலமாக இல்லையென்றால் தண்ணீர் பாய்ந்த கரும்புக்காட்டில் வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக்கி மண்ணுக்குள் இறங்கும்.

ஒரு சுற்றுக்கு 6 மில்லிமீட்டர்தான் ஏறும். கைப்பிடி அந்த ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மீட்டர் பயணிக்கிறது. இருநூறு மடங்குக்கு மேல் பலன் கிடைக்க வேண்டும். உராய்வு பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. ஆனால் அந்த உராய்வுதான் இந்தச் சாமானின் உயிர். பாதிக்கு மேல் தின்கிற திருகுதான் கையை விட்டாலும் தானாகத் திரும்பாமல் நிற்கும். வழுவழுவென்று சுலபமாகச் சுற்றுகிற திருகு, பாரம் ஏறினால் தானே சுற்றிக்கொண்டு இறங்கிவிடும். 500 கிலோ முன்பாரத்தை நானே சுற்றி ஏற்றினேன். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்குவதற்கு மேல் பலம் தேவைப்படவில்லை. ஓட்டும்போது அதை மேலே மடக்கி ஒரு பின் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் முதல் வேகத்தடையிலேயே பெயர்ந்துவிடும்.

இது ஒன்றும் ராக்கெட் அல்ல, எல்லா வண்டியிலும் ஏன் இல்லை? ஏனென்றால் டிரெய்லர் வாங்குகிறவர் அதைத் தூக்குவதில்லை. தூக்குகிறவர் வாங்குவதில்லை. நடுவில் ஒருவர் இருக்கிறார். ஃபைனான்ஸ் பிடித்துத் தருகிறவர், விவசாயியைப் பட்டறைக்குக் கூட்டிவருகிறவர், இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவர். அவர் விலையைக் குறைத்துக் காட்டினால்தான் பேரம் படியும். பட்டியலில் முதலில் அடிபடுவது ஜாக்கி. "அதெல்லாம் எதுக்குங்க, டிரைவர் தூக்கிக்குவான்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது என்று பையன்கள் நடித்தே காட்டினார்கள். இடைத்தரகருக்கு யார் இடுப்பும் கணக்கில் வராது. விவசாயியையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. நிலுவைக்காகச் சாலையில் உட்காரும் விவசாயிகளின் படத்தைப் பத்திரிகையில் பார்க்காத வருஷம் உண்டா? அந்த நிலுவையின் கடைசி வட்டியைக் கட்டுவது டிரைவரின் முதுகு.

சட்டம் இல்லாமலா என்றால், இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் உண்டாக்கும் அளவு பாரத்தை யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்றது. ஆனால் அதில் தொழிற்சாலை என்றால் மின்சாரம் வைத்து வேலை நடக்கும் இடத்தில் 10 பேராவது இருக்க வேண்டும் என்றிருந்தது. கரும்புக்காட்டுக்கு அது எங்கே வரும்? 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆணுக்கு 55 கிலோ என்று ஒரு மேல்வரம்பைப் பரிந்துரைத்தது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்திய கணக்கில், எல்லாம் வசதியாக அமைந்தாலும் 23 கிலோதான் என்கிறது. வெறும் டிரெய்லரின் மூக்கே 100.

நான் இருந்தபோது ஒரு வண்டி டெலிவரிக்குத் தயாராக நின்றது. வாங்கியவர் ஜாக்கி வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். ஆனால் சட்டத்தில் ஜாக்கி இருந்தது. மேஸ்திரியைக் கேட்டேன். பில் புத்தகத்தைப் புரட்டி நீட்டினார். கூடு, அச்சு, டயர், பெயின்ட் என்று தனித்தனி வரி. ஜாக்கி என்ற வரி எங்கும் இல்லை. முன்சட்டம் என்ற வரியில் விலை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

"ஜாக்கின்னு எழுதுனா அடிச்சுப்போடுவாங்க சார். சட்டம் இல்லாம வண்டி ஓடாதில்லீங்க, அதை எப்படி அடிப்பாங்க?" என்றார். பிறகு, வண்டியை எடுக்க வந்திருந்த டிரைவர் பையனைக் கூப்பிட்டு, "கண்ணு, வாரம் ஒருக்கா திருகுல மண்ணைத் தட்டி விட்டு கிரீஸ் வெய்யி. மடக்காம ஓட்டிராத" என்றார்.