சரக்கு வண்டிக்குக் கையசைப்போர் யார்?

ரயில் வண்டி என்று சொன்னவுடனே நம் மனக்கண் முன்னே வந்து நிற்பது எது? சன்னலோர இருக்கை, முறுக்கு விற்பவரின் குரல், வழியனுப்ப வந்தவர்களின் கையசைப்பு ஆகியவைதாமே! சரக்கு வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட் அடைபட்டு நிற்கும்போது மட்டும் நாம் அதை எண்ணுகிறோம். அதுவும் எத்தனை பெட்டி என்றுதான் எண்ணுகிறோம்!

என் தாத்தா கரி இன்ஜினில் ஃபயர்மேனாக வேலை பார்த்தவர். ஜோலார்பேட்டைக்கும் ஈரோட்டுக்கும் இடையே அவர் போய்வந்த வண்டிகளில் பெரும்பாலானவை சரக்கு வண்டிகளே. "பாசஞ்சர் வண்டி போனா ஊரே கை காட்டும் கண்ணு. கூட்ஸ் வண்டிக்கு எருமை மேய்க்கிற பையன் ஒருத்தன் காட்டுவான், அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புக்குள் ஒரு சிறு வருத்தமும் ஒளிந்திருப்பதை நான் கண்டுகொண்டேன். அதுவே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கிப் போடப்பட்ட இருப்புப்பாதை 1861-ஆம் ஆண்டில் சேலத்தை எட்டியது. அவ்வாண்டு முடிவதற்குள் சங்ககிரி வரையிலும் வந்துவிட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியபோது மிகுந்த துன்பம் அடைந்த மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. கப்பலில் வந்து இறங்கிய தானியம் உள்நாட்டுக்கு வந்தது பெரும்பாலும் ரயிலில்தான். அது போதவில்லை, மாண்டவர் எண்ணற்றோர். ஆயினும் அன்று வந்து சேர்ந்த ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னாலும் முகம் தெரியாத ஒருவர் கரியள்ளிப் போட்டிருக்கிறார் என்பதை நாம் மறக்கலாகாது.

தாத்தா வேலை செய்த இன்ஜினின் வகை 'டபிள்யூ.ஜி.' என்பதாகும். சுதந்திர இந்தியாவின் சரக்குகளைச் சுமப்பதற்கென்றே அமைக்கப்பட்ட அகலப்பாதை இன்ஜின் அது. எட்டு இயக்கு சக்கரங்கள் கொண்ட இவ்வகையில் 2,400-க்கும் மேற்பட்டவை நம் நாட்டில் ஓடின. மேற்கு வங்காளத்திலுள்ள சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1950-இல் உருவான முதல் இன்ஜினுக்கு 'தேசபந்து' என்று பெயர் சூட்டினார்கள். அங்கே 1970-இல் உருவான கடைசி அகலப்பாதை நீராவி இன்ஜினுக்கு 'அந்திம சிதாரா', அதாவது 'இறுதி விண்மீன்', என்று பெயர் வைத்தார்கள். முதலும் கடைசியும் இரண்டுமே சரக்கு இன்ஜின்கள் என்பதை அறிந்தபோது எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

கரியள்ளிப் போடுவதென்றால் மண்வெட்டியால் மண் அள்ளுவதுபோல் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியன்று என்று தாத்தா விளக்கினார். நெருப்பறையின் மூலை முடுக்கெல்லாம் கரி மெல்லிதாகப் பரவ வேண்டும். ஓரிடத்தில் குவிந்தால் காற்றுப் புகாமல் நெருப்பு மங்கிவிடும். மேடு வருவதற்கு முன்பே நீராவியைத் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மேடு வந்த பிறகு பதறிப் பயனில்லை. ஒரு கண் நெருப்பிலும் மற்றொரு கண் கொதிகலனின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயிலும் இருக்க வேண்டும். நீர் குறைந்தாலோ ஆபத்து! பாரம் மிகுந்து சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணலைத் தூவி ஏற வேண்டும். இவ்வளவுக்கும் மேலே, விரைவு வண்டிகளுக்கு வழிவிட்டுப் பக்கத்துப் பாதையில் மணிக்கணக்காக நிற்கும்போதும் நெருப்பை அணையவிடாமல் காக்க வேண்டும். சித்திரை மாதத்துச் சேலம் வெயிலில் அந்த நெருப்பின் முன் நிற்பது எப்படியிருக்கும்! தாத்தாவின் முன்கையில் இன்றும் மறையாத தழும்புகள் அதற்குச் சாட்சி.

வண்டியின் கடைசியில் கார்டு தன்னந்தனியே இருப்பார். நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் அவர் பின்னோக்கி நடந்து சென்று, தண்டவாளத்தின்மேல் எச்சரிக்கை வெடிகளை வைத்து, பின்னால் வரும் வண்டியைத் தடுக்க வேண்டும். அவருடைய பெட்டியின் பின்புறச் சிவப்பு விளக்கைப் பார்த்தால்தான் நடுவில் எந்தப் பெட்டியும் அறுந்துபோகாமல் வண்டி முழுமையாக வந்தது என்று நிலையத்தில் உள்ளவர் அறிவார். 2022 முதல் கார்டுக்கு 'ரயில் மேலாளர்' என்று பெயர் மாறியுள்ளது.

நம் நாட்டு அகலப்பாதையில் நீராவி வண்டிகளின் அன்றாடச் சேவை 1995-இல் முடிவுற்றது. எஞ்சியவற்றுள் சில இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றன. 1855-இல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட 'ஈ.ஐ.ஆர். 21' என்னும் இன்ஜின், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காட்சிப்பொருளாக நின்ற பின்னர், 2010-இல் நம் பெரம்பூர் பணிமனையில் மீண்டும் உயிர்பெற்று ஓடியது. ஹரியானாவிலுள்ள ரேவாரிக் கொட்டகையிலும் பழைய இன்ஜின்கள் ஓடும் நிலையில் பராமரிக்கப்படுகின்றன. ஆனால் இத்தகைய பழைய இன்ஜின்கள் ஓடும்போது பின்னால் வருவது பெரும்பாலும் உல்லாசப் பயணிகளின் பெட்டிதான்.

இங்கிலாந்தில் வேறொரு வழக்கமும் உண்டு. அங்கே லஃபரோ நகருக்கும் லெஸ்டர் நகரின் வட எல்லைக்கும் இடையே 'கிரேட் சென்ட்ரல் ரயில்வே' என்ற பாரம்பரிய இருப்புப்பாதை இருக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். விழா நாட்களில் அங்கே பழைய நீராவி இன்ஜின்கள் நிலக்கரிப் பெட்டிகளையும் மூடுபெட்டிகளையும் கோத்து இழுத்துச் செல்கின்றன. வாடகையும் இல்லை, பயணச்சீட்டும் இல்லை, பெட்டிகளும் காலி! சரக்கு வண்டி எப்படி உழைத்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகவே அவை ஓடுகின்றன. ஓடும் வண்டியிலிருந்து தபால் பைகளைத் தள்ளியும் வலைவீசிப் பிடித்தும் காட்டுகிறார்களாம். துருப்பிடித்த பெட்டிகளை விடுமுறை நாட்களில் கூலியின்றிச் செப்பனிடும் தொண்டர்களை எண்ணி எண்ணி வியந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் தாத்தாவை நீலகிரி மலை ரயிலில் அழைத்துச் சென்றோம். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் வளர்ந்த 46 கிலோமீட்டர் பாதை இது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கே இன்ஜின் முன்னின்று இழுப்பதில்லை; பின்னின்று தள்ளுகிறது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் செங்குத்தான ஏற்றத்தில், தண்டவாளங்களுக்கு நடுவேயுள்ள பல்சட்டத்தைப் பல்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறுகிறது. அம்மம்ம! என்னே அதன் மூச்சு! ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காளர் நின்று தம் கையால் பிரேக்கை இயக்குகிறார்.

எல்லாரும் இன்ஜினைச் சூழ்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தாவோ பிரேக்காளர் ஒருவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நானும் ஃபயர்மேனா இருந்தவன்தானுங்க தம்பி" என்று மெதுவாகச் சொன்னார். அந்த இளைஞர் உடனே கீழே இறங்கி, "அப்படிங்களா ஐயா!" என்று தாத்தாவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். நான் அந்தக் காட்சியைப் படம் எடுத்தேன்.

வீடு திரும்பியதும் நான் ஒரு யோசனை சொன்னேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பாதையின் ஏற்றம் மிதமாகவே இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டொரு நாள், அந்தத் தூரத்துக்கு மட்டும், மூன்று நான்கு சரக்குப் பெட்டிகளை நீராவி இன்ஜினில் பூட்டி ஓட்டிக் காட்டினால் என்ன? உருளைக்கிழங்கு மூட்டையும் தேயிலைப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு போகட்டுமே!

லாரி ஓட்டும் என் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "சும்மா வேடிக்கைக்கு எதுக்கு எரிபொருளை எரிச்சுப் புகையைக் கெளப்பணும்? லாரிக்காரனுக்கு யாராச்சும் இப்படி விழா எடுக்கறாங்களா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நாமக்கல்லுக்கு ரயிலே 2013-இல்தான் வந்தது. அதுவரையில் இவ்வூர் முட்டையையும் பிற சரக்கையும் நாடெங்கும் கொண்டு சேர்த்தவை லாரிகளே. இன்றைக்கும் கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம் வடமாநிலங்களிலிருந்து சரக்கு ரயிலில் நாமக்கல் வந்து இறங்குகிறது. அங்கிருந்து ஆலைகளுக்கு ஏற்றிச் செல்வது லாரிதான். ஆக, சரக்கு வண்டியும் லாரியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்லவா?

தாத்தா நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "புகையைக் காட்டி ஆ, ஊன்னு கத்த வெக்கறதுன்னா வேண்டவே வேண்டாம். அந்தக் காலம் சொர்க்கமும் இல்லை. கரித்தூசில இருமி இருமியே போனவங்க எத்தனை பேரு! வேலையைக் காட்டறதுன்னா ஓட்டலாம். கரி போடறவன், கொக்கி மாட்டறவன், கார்டு, மூட்டை தூக்கறவன், எல்லாரையும் காட்டணும். கடைசில உங்கப்பன் லாரியும் வந்து நிக்கணும்" என்றார். அப்பா சிரித்துவிட்டார். எனக்கோ கண்கள் கலங்கின.

பழைய இன்ஜினைக் காப்பது நன்று. அதனிலும் நன்று அதன் உழைப்பைக் காப்பது. அந்த உழைப்பைப் பார்த்தால்தான், நாம் உண்ணும் சோறும் உடுத்தும் துணியும் எத்தனை கைகளைக் கடந்து வந்தன என்பது விளங்கும்.

மே மாதம் முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் அறிவித்தார். மரத்தூளும் வியர்வையும் படிந்த கைகளே திருக்குழந்தையை வளர்த்தன. நற்செய்தியில் அப்புனிதர் பேசிய ஒரு சொல்லேனும் இல்லை. அவர் செய்த பணி மட்டுமே இருக்கிறது. பேசாமல் பாரம் சுமந்து, பிறர்க்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, இருட்டில் போய்ச் சேரும் சரக்கு வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

அன்புத் தோழியரே! அடுத்த முறை கேட்டில் நிற்கும்போது பெட்டிகளை எண்ணுங்கள், தவறில்லை. கடைசிப் பெட்டி கடக்கும்போது மட்டும் மறவாமல் கையை உயர்த்துங்கள். அங்கே ஒருவர் இருப்பார்.