கிளிக்குக்கு அடங்காத சிந்து

வன்னியின் ஓமந்தையில் ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்ய இன்று கொழும்புக்கோ சென்னைக்கோ ஓடத் தேவையில்லை. மடிக்கணினி, நல்ல மைக், இரண்டுக்கும் இடையில் ஒரு சின்ன ஓடியோ இன்ரர்பேஸ், ஜன்னலை மறைக்கத் தடித்த போர்வை, பாடி முடியும்வரை ஃபானை நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டிருக்கும் பொறுமை, இவ்வளவும் இருந்தால் வீட்டின் பின்னறையே கலையகம். ஏ9 வீதியில் போகிற லொறி ஹோர்ன் அடித்தால் அந்த வரியைத் திரும்பப் பாடவேண்டும், அவ்வளவுதான். தொண்ணூறுகளில் வன்னிக்குப் பற்றரி வரத் தடையிருந்தபோது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனத்தின் பிள்ளைகளுக்கு இது லேசுப்பட்ட மாற்றமில்லை. ஆனாலும் அந்தப் பின்னறைகளிலிருந்து வரும் பாடல்களில் பலவற்றைக் கேட்டால் ரொறன்ரோவில் செய்ததா, கோயம்புத்தூரில் செய்ததா, வவுனியாவில் செய்ததா என்று பிரித்தறிய முடிவதில்லை. அதே ட்ரம் லூப், அதே புல்லாங்குழல் சாம்பிள், ஒட்டோரியூன் போட்டு வழுவழுப்பாக்கிய அதே குரல். கருவி போதாது என்று காரணம் சொல்லும் காலம் போய்விட்டது. கலையகத்துக்குள் போகுமுன் இசைக்காரர் என்னத்தைக் கேட்டார், என்னத்தை வாசித்தார் என்பதில்தான் கோளாறு இருக்கிறது என்பது என் எண்ணம்.

இளையராஜாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய வேகத்தைத்தான் முதலில் சொல்வார்கள். அந்த நாட்களில் காலையில் பிரசாத் ஸ்ரூடியோவுக்கு வருவார். படத்தைப் பார்த்துவிட்டு, வாத்தியம் எதையும் தொடாமலே முழுக் குழுவுக்குமான பின்னணி இசையைத் தாளில் எழுதிவிடுவார். எழுதியதைப் பார்த்து வயலினுக்கு, செல்லோவுக்கு, புல்லாங்குழலுக்கு என்று தனித்தனியாகப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். எழுபதுகளில் பாட்டு ஒலிப்பதிவு என்றால் எல்லோரும் ஒன்றாக இருந்து ஒரே மூச்சில் வாசிக்கவேண்டும். கடைசிச் சரணத்தில் தபேலாக்காரர் ஒரு அடி பிசகினாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அங்கே நின்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. இந்த வேகத்தை அருள் என்று கும்பிட்டுவிட்டுப் போவது சுலபம். ரசிகர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் 1976 இல் ‘அன்னக்கிளி’ வருமுன் அவர் சேர்த்துவைத்த சரக்கைப் பாருங்கள். பண்ணைப்புரத்தில் தாய் பாடக் கேட்ட பாட்டுகள், அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊரூராகப் போட்ட கச்சேரிகள், சென்னையில் தன்ராஜ் மாஸ்ரரிடம் மேற்கத்திய இசையைத் தாளில் எழுதவும் வாசிக்கவும் பழகியது, ஜி.கே. வெங்கடேஷுக்கு உதவியாளராக இருந்தது என்று அது வருடக்கணக்கில் நீள்கிறது. மேற்கத்திய இசைமேதை பாஹ்கைத் தாளில் வாசிக்கத் தெரிந்ததால்தான் 1986 இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பில் தியாகராஜரையும் பாஹ்கையும் ஒரே இசைக்குள் கொண்டுவர அவரால் முடிந்தது. கலையகத்தில் அரை மணித்தியாலத்தில் நடந்தது, வெளியே இருபது ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்த ஒன்றின் கடைசிப் பகுதி.

பெரிய வாத்தியக் குழு வைத்திருந்தவரின் கதை தனியறையில் கணினியோடு இருக்கிறவருக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அப்படியானால் ஏ.ஆர். ரஹ்மானைப் பார்ப்போம். 1989 இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறத்தில் பஞ்சதன் ரெக்கோர்ட் இன்னைக் கட்டியவர் அவர். இரவிரவாக ஒவ்வொரு ட்ராக்காக அடுக்கி இசை செய்யும் இன்றைய பழக்கத்துக்குத் தமிழில் அவர்தான் முன்னோடி. ஆனால் 1992 இல் ‘ரோஜா’ வந்தபோது அவர் புதியவரில்லை. மலையாளப் படங்களுக்கு இசையமைத்த தந்தை ஆர்.கே. சேகரை ஒன்பது வயதில் இழந்து, பதின்ம வயதிலேயே மற்றவர்களின் குழுக்களில் கீபோட் வாசித்து, பிறகு விளம்பரங்களுக்கு இசை செய்து பழகியவர். அடுக்குவதற்கு அவரிடம் சரக்கிருந்தது. எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசத்தின் கதை எங்களுக்கு இன்னும் கிட்ட. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர் மூண்டபின் திரும்பவும் லண்டன் போனவர். இசை படித்தவரில்லை, படித்தது திரைப்படக் கலை. ‘அருளர்’ (2005) தொகுப்பின் பாடல்களை அவர் தொடங்கியது றோலண்ட் எம்.சி.505 என்ற ஒற்றை இசைப்பெட்டியில். அடுத்த தொகுப்பான ‘கலா’வுக்குச் (2007) சென்னைக்கே வந்து எங்கள் மேளக்காரரை அடிக்கவைத்துப் பதிந்தார். அந்தப் பெட்டியை வைத்திருந்தவர்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். உறுமியும் பறையும் காதில் ஏறியிருந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்?

வாசிப்புக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒதுக்குகிறவர்கள் அமெரிக்கப் பாடகர் பொப் டிலனைக் கவனிக்கவேண்டும். நியூயோர்க்குக்கு வந்த புதிதில், அங்குள்ள பொது நூலகத்தில் மைக்ரோஃபில்மில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துப் பத்திரிகைகளை வாசித்துக்கொண்டிருந்ததை 2004 இல் வெளியான தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். நூறாண்டுக்கு முந்திய செய்தித்தாளில் அந்த இளைஞர் தேடியது தகவலை மட்டும் என்று நான் நம்பவில்லை, பேச்சின் ஓசையையும்தான். வன்னியிலும் அப்படியொரு சுரங்கம் கிடக்கிறது. வயலில் இறங்கும் குருவிகளை வைத்துப் பாடிய குருவிச் சிந்து, பன்றி அழிக்கும் பயிரை வைத்துப் பாடிய பன்றிப் பள்ளு, அருவி வெட்டுக்கான அரிவுச் சிந்து, யானையைப் பிடித்துக் கட்டிய அரியாத்தையின் கதை சொல்லும் வேலப்பணிக்கன் ஒப்பாரி என்று இந்த மண்ணின் பாட்டுகள் அச்சில் ஏறியிருக்கின்றன. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் ஈழத்துப் பழைய நூல்களை ஒரு சதமும் கொடுக்காமல் கைபேசியிலேயே வாசிக்கலாம். பீட் தேடி யூரியூப்பில் செலவிடும் இரவுகளில் ஒன்றை அதற்கு ஒதுக்குவது பெரிய தியாகமில்லை. யானையும் பன்றியும் இன்றைக்கும் வயலுக்குள் வருகின்றன, பாட்டுக்குள்தான் வருவதில்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்றுண்டு. நாட்டார் பாட்டு புத்தகத்தால் வளர்ந்ததல்ல. எழுத்தறியாதவர்கள் வாயில் வளர்ந்ததைப் படித்து எடுத்துப் பாடினால் அது பள்ளிக்கூடக் கலைவிழாப் பாட்டாகிவிடும் என்பார்கள். பாதி உண்மை. அச்சுப் புத்தகத்தில் சொல் இருக்கும், மெட்டு இருக்காது. அதனால் வாசிப்பு கேள்விக்கு வழிகாட்டுமே தவிர அதன் இடத்தைப் பிடிக்காது. காத்தவராயன் கூத்தையே எடுங்கள். சிந்துநடையில் போகும் அந்தக் கூத்தில் அண்ணாவியார் உடுக்கோடு நிற்பார், பிற்பாட்டுக்காரர் வரியை வாங்கித் திரும்பக் கொடுப்பார், ஹார்மோனியம் அவர்களோடு இழுபட்டுப் போகும். பாத்திரம் வரவுக்கு ஆடத் தொடங்கியதும் நடை கொஞ்சம் கொஞ்சமாக முறுகும். எவ்வளவு முறுகும் என்பது ஆடுபவரின் காலைப் பொறுத்தது. இப்போது அதே சிந்தை ஒலிப்பதிவு மென்பொருளில் போட்டுப் பாருங்கள். புதிய கோப்பைத் திறந்ததுமே அது கேட்பது நிமிடத்துக்கு எத்தனை அடி என்று. பொதுவாக 120 என்று தானே நிரப்பியும் வைத்திருக்கும். ஹெட்போனுக்குள் கிளிக், கிளிக் என்று முதலிலிருந்து முடிவுவரை ஒரே வேகம். பாடுகிறவர் அந்தக் கிளிக்குக்குப் பணிந்ததும் நடையின் முறுக்கு போய்விடும். பிறகு ஒட்டோரியூன் வந்து, வரி முடிவில் குரல் வழுக்கி இறங்கும் இடத்தைப் பிழை என்று எண்ணி நிமிர்த்திவிடும். மிஞ்சுவது சொல்லும் சுரமும் மட்டும். கிளிக்கை அணைக்கலாம், வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும்படி கோடு கீறலாம், ஒட்டோரியூனைத் தளர்த்தலாம். எல்லாவற்றுக்கும் மென்பொருளிலேயே வழியிருக்கிறது. எங்கே அணைக்கவேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் விடியவிடியக் கூத்துக் கேட்ட காது வேண்டும்.

கடைசியாகக் காசு. ஊர்ச் சத்தத்தோடு பாட்டுச் செய்தால் யார் கேட்பார்கள், கலியாண வீட்டு வீடியோவுக்குப் பாட்டுச் செய்கிறவருக்கு வாடிக்கையாளர் கேட்பதுதானே சட்டம் என்பது சரியான கேள்வி. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒலிப்பதிவை மட்டும் நம்பி வன்னியில் ஒரு குடும்பம் சீவிப்பது கடினம். சென்னைப் பாட்டில் பழகிய காதுகளைக் குறைசொல்லியும் பயனில்லை. ஆனால் எல்லோரிடமும் இருக்கும் சாம்பிளை வைத்துச் செய்யும் பாட்டுக்குப் போட்டி கோடம்பாக்கத்தோடு. அந்தப் போட்டியில் ஓமந்தைப் பின்னறை வெல்லப்போவதில்லை. வாடிக்கையாளர் வேலையைப் பகலில் செய்துகொண்டே புதூர் நாகதம்பிரான் பொங்கலுக்கு ஒரு றெக்கோடரோடு போகலாம், முள்ளியவளையில் கோவலன் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடம் ஒரு பின்னேரம் இருந்து மெட்டுகளைப் பதியலாம். செலவு பஸ் காசும் வெற்றிலையும். அதிலிருந்து வரும் பாட்டு விற்குமா என்பது எனக்குத் தெரியாது. வேறெங்கும் செய்ய முடியாத பாட்டாக அது இருக்கும், அண்ணாவிமார் இருக்கும்வரை.